நான் நேராக்கிய துப்பாக்கி

யாங்கோனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகின்றன. பழைய ஜப்பான் வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. இது எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று சும்மா பார்த்தால் புரியாது. ஒரு மணல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் புரியும். ஓட்டுகிறவர் சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பார். லாரிக்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. முன்சீட்டில் இடப்பக்கம் இருப்பவர்தான் கழுத்தை நீட்டிப் பார்த்து, "யாதெ" என்று சொல்ல வேண்டும். யாதெ என்றால் சரி, போகலாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை நம்பி முழு உயிரோடு ஒரு மனிதர் வண்டியை வெளியே எடுப்பார். புது வண்டிகளில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். என் மச்சானின் வேன் புது வண்டி அல்ல.

நான் கோவை பீளமேட்டில் பதினெட்டு வருடம் டூல்ரூமில் வேலை பார்த்தவன். அங்கே புஷ் என்கிற சின்ன உலோக வளையம் இரண்டு மைக்ரான் கூடிப்போனால் அதைக் குப்பையில் போடுவோம், செய்தவனையும் அதே கண்ணால் பார்ப்போம். யாங்கோனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் தன்லியினில் ஒரு தொழிற்சாலைக்கு டூல்ரூம் மேற்பார்வையாளனாக வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் வாரமே இந்த ஊரை எடைபோட்டுவிட்டேன். சுமாராக இருந்தால் போதும் என்று நினைக்கிற ஊர். கதவு மூடாவிட்டால் கயிறு கட்டுவார்கள். கயிறு அறுந்தால் சிரிப்பார்கள். ஊரிலிருந்து நண்பர்கள் வீடியோ காலில் வந்து "அங்கே எப்படிடா?" என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் கதைகளை எடுத்துவிடுவேன், அவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இங்கே என்னைப்போல வேலைக்கு வந்த நம்மாட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவதும் இதற்காகத்தான். பிழைப்பு தருகிற ஊரை வைதுகொண்டே சாப்பிட்டால் எங்களுக்குச் சோறு நன்றாக இறங்கும். இதைப் படிக்கிறவர்களில் அந்தக் கோஷ்டிக்காரர்களும் இருப்பீர்கள். முகம் சுளிக்காமல் மேலே படியுங்கள்.

இந்த ஊரிலேயே கல்யாணமும் செய்துகொண்டேன். மனைவி நான்கு தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவளுடைய அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் சோமசுந்தரம், ஊருக்கு அவர் கோ சோ. பாதித் தமிழ் பாதி பர்மியம் பேசுவார். பகோடாத் திருவிழா, அம்மன் கோயில் தீமிதி என்று எங்கே கூட்டம் கூடினாலும் அங்கே கோ சோ துப்பாக்கிக் கடை போடுவார். பத்தடி தள்ளி ஒரு பலகை, அதில் காகிதக்கூழ் பொம்மைகள், காபி மிக்ஸ் பாக்கெட்டுகள். சுட்டு விழவைத்தால் விழுந்தது உங்களுக்கு. டாலாவுக்குப் படகேறுவார், த்வாண்டே வரை போவார். அந்தக் கடையில்தான் என் மனைவியின் அம்மாவுக்கு மருந்து, கோ சோவின் இரண்டு மகள்களுக்குப் பள்ளிக்கூடம். இவ்வளவு தெரிந்தும் அதைப் பிழைப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மச்சான் என்ன செய்கிறார் என்று ஊரில் யாராவது கேட்டால், "பிசினஸ்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.

அவரிடம் இருந்தவை ஸ்பிரிங் துப்பாக்கிகள். ஒவ்வொரு முறையும் மடக்கி, ரப்பர் குண்டை விரலால் அடைத்துச் சுட வேண்டும். போன மழைக்காலம் முடிந்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஒருமுறை நிரப்பினால் பன்னிரண்டு குண்டு, விசையை இழுக்க இழுக்க ஒவ்வொன்றாகப் போக வேண்டும். செமி ஆட்டோமாட்டிக் என்ற சொல்லை எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது, அவரே பாதி செய்து முடித்த ஒன்றைக் காட்டினார். அப்படி ஒரு கண்றாவியை நான் பார்த்ததில்லை. குழாய், குடைக்கம்பி. முனையில் மண்ணெண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் புனல். பின்கட்டை ஏதோ நாற்காலியின் கால். எல்லாவற்றுக்கும் மேலே பளீரென்ற பிங்க் பெயிண்ட், அதில் மஞ்சள் பூக்கள். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வேன் பேட்டரியில் ஓடியது. அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ள வேண்டும். சோதித்துக் காட்டினார். குண்டு பக்கவாட்டில் போய் மொஹிங்கா குழம்புச் சட்டியில் விழுந்தது. வீடே சிரித்தது, அவரும் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

நானே செய்து தருகிறேன் என்றேன். உதவுகிற எண்ணம் கொஞ்சம், செய்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்று இவர்களுக்குக் காட்டுகிற எண்ணம் நிறைய. பதினைந்து நாள், வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம். குடைக்கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைக் குழாய் போட்டேன், உள்ளே கண்ணாடி மாதிரி இழைத்தேன். ஆனாலும் பத்தடியில் ஒரு சாண் விலகல் இருந்தது. காற்றைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் குண்டுகளை ஒவ்வொன்றாக அளந்தபோதுதான் பிடிபட்டது. கோ சோ அவற்றைப் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டி எடுப்பார். குதிகால் பக்கம் தேய்ந்து இறுகியிருக்கும், நடுப்பாதம் பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு குண்டு எடை கூடும், அடுத்தது குழாயில் லொடலொடக்கும். யாரோ நடந்த நடையெல்லாம் சேர்ந்து என் துப்பாக்கியின் குறியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. புது ரப்பர் தகடு வாங்கி, கேஜ் வைத்து, நானே முந்நூறு குண்டுகள் வெட்டினேன். முன்னும் பின்னும் குறிகாட்டிகள் பொருத்தினேன். அதன் பிறகு பத்தடியில் பன்னிரண்டு குண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் விழுந்தன. அவ்வளவு சந்தோஷம் எனக்கு இந்த ஊரில் அதற்குமுன் கிடைத்ததில்லை.

பெயிண்ட் வேலைதான் பாக்கி. அந்தப் பிங்கைச் சுரண்டி எடுக்க ஒரு முழு மாலை ஆனது. புனலைக் கழற்றி எறிந்தேன். தேக்கில் பின்கட்டை செதுக்கி எண்ணெய் போட்டேன், உலோகம் முழுவதையும் கருக்கினேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. கோ சோ வந்தார். வெகுநேரம் கையில் எடுக்காமலே நின்றார். பிறகு, "அழகா இருக்கு மாப்ளே, ரொம்ப அழகா இருக்கு" என்றார். கொஞ்சம் தயங்கி, அந்தப் பிங்க் டப்பாவில் பெயிண்ட் மீதி இருக்கிறதா என்று கேட்டார். கொட்டிவிட்டேன் என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். நல்ல பொருளைக் கையில் கொடுத்தாலும் பூப்போடத் தேடுகிற ஜனம் என்று அன்றைக்கே கோவைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, நகரத்துப் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பினோம். என் கைவேலையைக் கூட்டம் வாய் பிளந்து பார்ப்பதைப் பார்க்க நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். கோ சோ துப்பாக்கியைத் தன் லோஞ்சிக் கைலி இரண்டில் சுற்றி, பொம்மை மூட்டைகளுக்கு அடியில் வைத்தார். எதற்கு இவ்வளவு பத்திரம் என்று கேலி செய்தேன். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ராணுவத்தார் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் இப்போது இது அன்றாடம். கோ சோ வழக்கமாக அவர்களைப் பார்த்து ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. சீருடையில் இருந்தவன் மூட்டைகளைத் தள்ளினான், லோஞ்சியை உருவினான்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கோ சோ தார்ச்சாலையில் முழங்காலிட்டு, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டியிருந்தார். என்னை வேனை ஒட்டி நிறுத்தினார்கள். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். ஒன்பது வருடத்தில் நான் கற்ற பர்மியம் வேலையாட்களை வையவும் காய்கறி வாங்கவும் மட்டும்தான் போதும். அதை வைத்து விளக்கப் புறப்பட்டேன். விளையாட்டுப் பொருள் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நானோ, ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு, பன்னிரண்டும் ஒரே இடத்தில் விழும், குறி தப்பவே தப்பாது என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். கத்துக்குட்டி வேலை இல்லை என்று நிரூபித்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இறுகியது. முழங்காலில் இருந்த கோ சோ கண்ணை மூடிக்கொண்டார்.

அவர்களில் மூத்தவன் கடைசியில் ஒரு வழி சொன்னான். பொம்மைதானே, சுட்டுக் காட்டு. எதை என்று கேட்டேன். கோ சோவைப் பத்தடி தள்ளி நிற்கவைத்து அவர் நெற்றியைக் காட்டினான். கம்ப்ரஸரை ஓடவிட்டார்கள். மற்றவர்கள் தங்கள் நிஜத் துப்பாக்கிகளை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்கள். வரிசையில் நின்ற பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலைகள். அந்த ரப்பர் குண்டு தோலில் பட்டால் சுளீரென்று இருக்கும், அவ்வளவுதான். இரண்டு அங்குலம் கீழே போனால் அது கண். வேண்டுமென்றே அவர் தலைக்கு மேலே சுட்டு எல்லாவற்றையும் முடித்துவிடலாமா என்று யோசித்தேன். அதைக் கோ சோ என் முகத்திலேயே படித்திருக்க வேண்டும்.

"தப்பா அடிக்காதீங்க மாப்ளே. என் மேல பட்டாத்தான் பொம்மைன்னு நம்புவாங்க" என்றார்.

சுட்டேன். பட்டது. ஒருவன் சிரித்தான். மூத்தவன் இன்னொன்று என்றான், பிறகு இன்னொன்று. பன்னிரண்டையும் சுடவைத்தான். பன்னிரண்டும் ஒரே இடத்தில் பட்டன. கோ சோ ஒருமுறைகூட நகரவில்லை, இமைக்க மட்டும் செய்தார். முடிந்தபோது அவர் புருவத்துக்கு நடுவே, குங்குமம் வைத்த மாதிரி சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதன் விளிம்புகூடக் கலையவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகத் துல்லியமான வேலை அது.

துப்பாக்கியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், எங்களை விட்டார்கள். வேனில் ஏறியதும் நான்தான் கத்தினேன். இப்படி ஆகும் என்று தெரிந்தால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கோ சோ நெற்றியைத் தொடாமல் தண்ணீர் குடித்தார்.

"பிங்க்கா, பூப்போட்டு, புனல் வச்சிருந்தா பாத்தவுடனே சிரிச்சிருவாங்க மாப்ளே. சிரிச்சா விட்டுருவாங்க. நீங்க பதினஞ்சு நாள் பாடுபட்டு செஞ்சீங்க. அதை எப்டி வேணாம்னு சொல்றது. ஆனாடெ."

ஆனாடெ என்ற சொல்லை இங்கே ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கலாம். எதிராளியின் மனம் நோகுமே என்று சொல்ல வேண்டியதை விழுங்கிவிடும் சங்கடம் அது. முதுகெலும்பு இல்லாதவர்களின் சாக்கு என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை நான் எத்தனையோ முறை நக்கலடித்திருக்கிறேன். இந்த மனிதர் என் மனம் நோகக்கூடாது என்பதற்காக, ஜெயிலுக்குப் போனாலும் போகிறோம் என்று அந்தத் துப்பாக்கியைத் தன் லோஞ்சியில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார். நானோ ஒரு முறையாவது, ஏன் பிங்க் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இவர்களிடம் ஏதாவது இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இந்த ஊரில் நான் பார்த்த ஒரே அரைகுறை வேலை நான்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

"ஆனா நல்லா நேரா போவுது மாப்ளே" என்றார் கோ சோ. கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தேன். செய்யவில்லை, பாராட்டினார்.

பாலத்தில் ஏறினோம். முன்னால் ஒரு மணல் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கோயிலில் கடை போட ஏற்கெனவே நேரமாகியிருந்தது, பின்னால் பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகள் மூட்டையில் லொடலொடத்தன. கோ சோ திரும்பாமலே, "பாருங்க மாப்ளே" என்றார். பீளமேட்டில் நண்பனின் காரில் ஏறினாலும் நான் உட்காருவது இதே இடது சீட்டில்தான். அங்கே அது ஓரத்துச் சீட்டு, கதவைத் திறந்தால் பெட்டிக்கடை. இங்கே அதே சீட்டு நடுரோட்டில் இருக்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம் எதிரே வருகிற வண்டிகள். ஒன்பது வருடமாக நான் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரு பஸ் வந்தது, அது போகட்டும் என்று பொறுத்தேன். அதன் பின்னால் ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, "யாதெ" என்றேன். நெற்றியில் என் வட்டத்தோடு, என் சொல்லை நம்பி, கோ சோ வண்டியை வெளியே எடுத்தார்.