குடவோலை கேட்ட தலைவர்

பாஸ்கரனைக் கதிர் முதன்முதலில் பார்த்தது, படிக்க வந்த வெளிநாட்டில், கிளென் ஈடன் புறநகரில், தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில். பட்டு வேட்டிக்கு மேல் பெல்ட், பெல்ட்டில் செருகிய அட்டை வாள், தொண்டை கிழியச் சோழர் கடாரம் வென்ற கதை. இரண்டு வருடமாக அவர்தான் சங்கத் தலைவர். மூன்றாம் முறையும் அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்பதுபோல் அலைந்துகொண்டிருந்தார்.

பேச்சு முடிந்ததும் கதிர் போய் நின்றான். அரியலூர்ப் பக்கத்துக் கிராமம். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், படித்தது வரலாறு. பக்கத்து ஏவன்டேலில் அறை எடுத்து மேற்படிப்பு.

“சார், கடாரத்துக்குப் போனதுக்கு வாள் மட்டும் காரணமில்ல. சீனாவுக்குக் கப்பல் போற வழி அது. நம்ம வணிகர்கள் கூட்டமா சேர்ந்து கடல் தாண்டி வியாபாரம் பண்ணாங்க. சுங்கம் வந்துச்சு, நிலத்தை அளந்து வரி போட்டாங்க, ஊருக்கு ஊர் சபை வேலை பார்த்துச்சு. அதாலதான் அரசு நின்னுச்சு.”

“தம்பி, மிளகு மூட்டைக் கதைக்கு எவன் கைதட்டுவான்? வீரத்தைப் பேசு!”

சொன்னவரின் பிழைப்பு, வந்திறங்கும் கண்டெய்னர்களுக்குச் சுங்கப் படிவம் நிரப்புவது. கேட்டால் ‘இன்டர்நேஷனல் லாஜிஸ்டிக்ஸ்’ என்பார். சோழனைச் சோழனாக்கிய வேலையைத் தினம் எட்டு மணி நேரம் செய்கிறவருக்கு அதை வெளியே சொல்ல வெட்கம். அட்டை வாளுக்கு வெட்கமில்லை.

தேர்தல் வந்தது. எதிர்த்து நின்ற ராம்பிரசாத்துக்கே ஓட்டு விழும் என்பதை பாஸ்கரன் மோப்பம் பிடித்துவிட்டார். ஓட்டென்றால் தோல்வி நிச்சயம். சீட்டுக் குலுக்கினால் பாதிக்குப் பாதி. உடனே சோழன் நினைவுக்கு வந்தான்.

“ஓட்டு எதுக்குங்க? உத்தரமேரூர்க் கல்வெட்டுல இருக்கற மாதிரி குடவோலை! எழுத்துப் பிசகாம நடத்துவோம்!”

மண்டபமே கைதட்டியது. தீர்மானம் நிறைவேறியது. அவர் அந்தக் கல்வெட்டை ஒருநாளும் படித்ததில்லை என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

செயலாளர் குணவதி, யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “எழுத்துப் பிசகாமல் எண்டால் முழுக்க வாசிக்க வேணுமெல்லோ. தம்பி கதிர், வாசியும்.”

கதிர் போனில் தேடி எடுத்துப் படித்தான். “சொந்த நிலம் இருக்கணும். சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும்.”

“மார்ட்கேஜ் வீடு செல்லுமா?” பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். சிரிப்பு.

“வேதம் தெரிஞ்சிருக்கணும். அதாவது எங்க ஆளுங்களுக்கு அங்க ஓலையே கிடையாது. அதையும் சேர்த்துத்தான் சார் ரெண்டு வருஷமா புகழ்றார்.”

“அதெல்லாம் அந்தக் காலம், விடுப்பா,” பாஸ்கரன் அவசரமாகக் கையசைத்தார். “நிலம், வேதம் வேண்டாம். மத்ததெல்லாம் அப்படியே!”

“சரி சார். அடுத்தது, கடந்த மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்தவங்க பேரைக் குடத்துல போடக்கூடாது.”

குணவதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அப்ப உங்கட ஓலை குடத்துக்குள்ள போகாது, தலைவர்.”

“அந்த வரியைப் பின்னால எவனாவது சேர்த்திருப்பான்!”

“கல்லுலயா சார்?”

அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை. குடத்தில் கிடந்தது ஒரே ஓலை. கையைவிட்டு எடுத்த குணவதி, ரொம்பத் தேடியவர்போல, “ராம்பிரசாத்” என்று வாசித்தார். பாஸ்கரன் வாளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் காருக்குப் போனார்.

இப்போது பாஸ்கரன் நகரின் மறுபக்கம், கிளென்ஃபீல்டில் தனியாக ஒரு சங்கம் நடத்துகிறார். உறுப்பினர்கள் பதினொரு பேர், தலைவர் அவர், தேர்தல் கிடையாது. வாரநாட்களில் சுங்கப் படிவம் நிரப்புகிறார்.