பேசாத இருவர் கட்டிய எஞ்சின்

ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த லாபிஸ் ஊரில் என் கணவரும் என் அண்ணனும் சேர்ந்து ஓர் உடைந்த லாரியை வாங்கினார்கள். சுற்றுவட்டாரத்து ரப்பர் ஷீட்டுகளை ரயில் நிலையத்துக்கு ஏற்றிப் போவது திட்டம். எஞ்சினைப் பிரித்துத் தங்கள் விருப்பப்படி மறுபடி கட்டத் தொடங்கினார்கள். அதற்குள் லாரியின் முகப்பில் யார் பெயரை முதலில் எழுதுவது என்று சண்டை வந்து, பேச்சு நின்றுவிட்டது. மீசை நரைத்த இரண்டு ஆண்கள்!

வேலை மட்டும் நிற்கவில்லை. அண்ணன் தன் கொட்டகையில் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை வைத்துக்கொண்டு, காற்று உள்ளே போகும் துளைகளை அரத்தால் ராவி அகலமாக்கினார். என் கணவர் எங்கள் வீட்டுக் கொல்லையில் கேம் ஷாஃப்டின் மேடுகளைத் தேய்த்தார். வால்வுகளைத் தள்ளித் திறப்பவை அந்த மேடுகள்தான். துளையும் மேடும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் எஞ்சின் உருப்படாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பேச மாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியான நான் வெயிலில் சேதி சுமந்தேன்.

"ஓட்டைய நல்லா பெரிசாக்கிட்டேன். வால்வு உசரமா எழும்பணும், ரொம்ப நேரம் தொறந்து நிக்கணும்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா" என்பார் அண்ணன்.

வந்து சொன்னால் இவருக்கு எரிச்சல். "வேகமா ஓட்டி யாருக்குக் காட்டணுமாம்? லாரி சொமை இழுக்கணும். அதுக்குத்தான் மேட்டைச் சின்னதா வச்சிருக்கேன். போய்ச் சொல்லு மச்சான்கிட்ட."

போய்ச் சொன்னேன். அண்ணன் ராவுவதை நிறுத்தவே இல்லை.

முதல் சுமை ஏற்றிய அன்று மழை. டிஸ்பென்சரிக்குப் போக நானும் ஏறினேன். அண்ணன் ஓட்டினார்; இருவருக்கும் நடுவில்தான் எனக்கு இடம். சாலையின் முதல் ஏற்றத்திலேயே லாரி இரைந்தது, நடுங்கியது, அணைந்துபோனது. பின்னோக்கி உருளத் தொடங்கியதும் இவர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"நீ ஒழுங்கா சொல்லியிருந்தா இப்படி ஆகுமா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஆமாம்மா, என்கிட்டயும் அரைகுறையாத்தான் சொன்ன" என்றார் அண்ணன்.

சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கினேன்.

"இது உங்களுக்குக் கிடைக்காது. இங்கேயே, என் கண்ணு முன்னாலயே ரெண்டு பேரும் பேசுங்க. நான் என்ன உங்க தபால்காரனா?"

மழை கொட்டியது. நான் நகரவில்லை. கடைசியில் அண்ணன் முனகினார்: "மாப்பிள்ளை, வேகம் வேணாமா?"

"வேணாம் மச்சான். மேடு ஏறினா போதும்."

இவ்வளவுதான். இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை நாள் அலைந்தேன்!

பெரிய துளை வேகத்துக்குத்தான் உதவும், மெதுவாகச் சுமை இழுக்க உதவாது; ஆனால் ராவிய இரும்பு திரும்பி வராது. பக்கத்து ஊரான சிகாமட்டில் கிடந்த இன்னொரு லாரியிலிருந்து ஹெட்டைக் கழற்றி வந்தார்கள். இம்முறை கேம் ஷாஃப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். துளைகளின் வாயைக் காற்று வரும் குழாயோடு சமமாக்கியதோடு அண்ணன் நிறுத்திக்கொண்டார். முழுச் சுமையோடு லாரி மேடு ஏறியது.

கோப்பிக் கடையில் எல்லோரும் பாராட்டினார்களாம். "நாங்க ரெண்டு பேரும் கலந்து பேசி செஞ்சோம்" என்று இவர்கள் சொன்னார்களாம். அதை என்னிடமே வந்து பெருமையாகச் சொல்லிவிட்டு, அண்ணன் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரவில்லை.