டி-யில் போட்டால் பத்திரம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டுவிட்டு அரிசி களைந்து அடுப்பில் வைக்கலாம். தேங்காயையும் திருவி முடிக்கலாம். திரும்பி வந்து பார்த்தால் அது அப்போதுதான் 'வருக' என்று சொல்லிக்கொண்டிருக்கும். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் வாங்கியது. அவள் கல்யாணம் முடித்து, தன் மகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். இது மட்டும் அதே மேசையில், அதே சத்தத்தோடு உட்கார்ந்திருந்தது.

அதற்கு இனிமேல் புதுப்பிப்பு எதுவும் வராது என்று ஒருநாள் திரையில் அறிவிப்பு வந்தது. மாத்தளை டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இதை இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார். சாகக் கிடக்கிறவனுக்குக் கூட டாக்டர்மார் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விரிப்பார்கள். இவர் தூரத்திலிருந்தே விரித்தார்.

அங்கிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸில் வைத்துத்தான் என் கணவர் லினக்ஸ் என்ற பெயரைச் சொன்னார். கைபேசி வீடியோவில் யாரோ ஒருவன் சொல்லிக் கேட்டிருக்கிறார். பழைய கம்ப்யூட்டருக்கு அதைப் போட்டால் குமரிப்பிள்ளை மாதிரி ஓடுமாம், காசும் இல்லையாம். அதற்கு அடையாளம் ஒரு பென்குயின். பனிக்கட்டியில் வாழ்கிற பறவைக்கு எங்கள் ஊர் அலுவிகாரையில் என்ன வேலை என்று கேட்டேன். பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆயுள் முழுக்கத் துணிக்கடையில் சீத்தை அளந்தவர். முதுகு வலி வந்து, கடையைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். சும்மா இருந்தால் பரவாயில்லை. எது பழுதானாலும் திருப்புளியோடு வந்து நின்றுவிடுவார். மிக்ஸியைத் திறந்து பூட்டினார். அது அரைக்கத்தான் செய்கிறது, ஆனால் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். தண்ணீர் மோட்டரைத் திறந்து பூட்டியபோது கைநிறையத் திருகாணி மிஞ்சியது. அவையெல்லாம் கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டவை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் லினக்ஸ் பாடம் நடந்தது. கைபேசியில் ஒருவர் தமிழ்நாட்டுத் தமிழில் மூச்சு விடாமல் பேசுவார். அவர் முடித்தால் இன்னொருவர் சிங்களத்தில், பின்னணியில் தலையிடி தருகிற இசையோடு. எல்லோரும் 'ரொம்ப ஈஸி' என்றே ஆரம்பித்தார்கள். அவ்வளவு ஈஸி என்றால் எதற்கு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இவர் கதிரையில் சாய்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மௌலவி பயான் செய்வதைக் கேட்பது போலத் தலையாட்டிக் கேட்டார்.

எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலை இல்லை. அதற்குள் இருந்த என் வாப்பாவின் குரலைப் பற்றித்தான் கவலை.

வாப்பா யட்டவத்தப் பக்கம் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்றவர். கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் பேச்சு ஓடும். பேச்சு என்றால் ஏச்சு. மிளகில் பப்பாளி விதை கலந்து விற்றவன், கொக்கோவை நனைத்துப் பாரம் ஏற்றியவன், கல்யாண வீட்டில் இறைச்சியை வேகவைக்காமல் பரிமாறியவன் என்று செத்தவர், இருக்கிறவர் ஒருவரையும் விடமாட்டார். என் வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு அதில் ஒன்றைப் போட்டுக் காட்டினால் போதும். இவர்தான் ஒரு மைக்கை வாங்கி வந்து, கம்ப்யூட்டரில் மாட்டி, அந்தப் பேச்சையெல்லாம் பதிந்து வைத்தார். அது ஒன்றை மட்டும் பழுதில்லாமல் செய்தார் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு பதிவில் வாப்பா இவரைப் பற்றியும் சொல்கிறார். "மருமகன் தங்கமான மனிசன். கையில மட்டும் ஒண்ணையும் குடுத்துடாதீங்க" என்கிறார். பக்கத்தில் இருந்து இவர் வயிறு குலுங்கச் சிரிப்பதும் அதில் கேட்கும். வாப்பா மௌத்தான பிறகு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இவர் ஒரு பதிவைப் போட்டுக் கேட்பார். தன் சொந்த வாப்பாவைக் குழந்தையிலேயே இழந்தவர். ஏசுவதற்கு ஒரு வாப்பா இவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கிடைத்தார். வேறு எங்கும் அந்தக் குரல் இல்லை, கைபேசியை வாப்பா கையாலும் தொட்டதில்லை.

அந்தப் பதிவுகள் டி-யில் இருந்தன. எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். கடைக்காரர்கள் கம்ப்யூட்டரின் வயிற்றை சி என்றும் டி என்றும் இரண்டாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் இறுகி நின்றால் சி-யை அழித்துப் புதிதாகப் போடுவார்கள், டி-யைத் தொடமாட்டார்கள். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் சான்றிதழ், ஹஜ்ஜுக்குப் போன படம் எல்லாம் டி-யில். 'டி-யில் போட்டால் பத்திரம்' என்று படித்தவன் படிக்காதவன் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்வார்கள். யார் முதலில் சொன்னது, எதற்குச் சொன்னது என்று ஒருவனும் கேட்டதில்லை. காதில் விழுந்ததை வாயால் கடத்திவிட்டு அறிவாளி ஆகிவிடுவது எங்கள் ஊருக்கு வசதியான வழி.

முதலில் வாப்பாவின் பதிவுகளை வேறு எங்காவது எடுத்து வைப்போம் என்று இவரிடம் சொன்னேன். சிரித்தார். சி, டி பற்றி எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. மீன் வாங்க டவுனுக்குப் போன நாளில் ஒரு பென் டிரைவ் வாங்கினேன். இவர் ஜும்ஆவுக்குப் போன நேரத்தில், வாப்பாவின் பதிவுகள் முழுவதையும் அதில் ஏற்றி, அலுமாரியில் என் சாரிகளுக்கு நடுவே வைத்தேன். இவர் பள்ளியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு பதிவைப் போட்டுக் கேட்டார். நான் பாத்திரம் கழுவினேன்.

லினக்ஸ் போட ஞாயிற்றுக்கிழமை காலை குறித்தாயிற்று. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டவுனில் லினக்ஸ் பதிந்து வாங்கிய டீவீடியோடு பிஸ்மில்லாஹ் சொல்லி உட்கார்ந்தார். கடை திறப்பு விழாவுக்குக் கூட இந்த மனிதர் இப்படி உடுத்தி நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் எழும்பும்போது ஏதோ ஒரு பட்டனை அழுத்தவேண்டுமாம். எந்தப் பட்டன் என்று திரை ஒரு நொடி சொல்லிவிட்டு மறைத்துவிட்டது. இவர் முருங்கைக்கீரை உருவுவது போல மேல்வரிசைப் பட்டன்கள் எல்லாவற்றையும் உருவினார். பல தடவை அணைத்து, பல தடவை எழுப்பி, கடைசியில் எப்படியோ லினக்ஸ் வந்தது. தெரிந்து வந்ததா, தெரியாமல் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

பிறகு அது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுப் போடவா, அல்லது நீங்களே பிரித்துக் காட்டுகிறீர்களா என்று. அழித்தால் அதில் உள்ள எல்லாமே போய்விடும் என்றும் எழுதியிருந்தது. இவருக்கு ஆங்கிலம் தெரியும், எனக்கும் தெரியும். முழுக்க என்று போட்டிருக்கிறதே என்றேன்.

"டிஸ்க்ன்னா சி தான். டி வேற வீடு" என்றார்.

ஒரே வளவில் அண்ணன் தம்பி நடுவில் சுவர் எடுத்துப் பிரித்த வீடு அது. முழு வளவையும் இடி என்று சொன்னால் இடிக்கிறவன் சுவரைப் பார்த்துக்கொண்டா நிற்பான். இது எனக்கு அன்றைக்கே முழுசாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். சந்தேகம் இருந்தது, பென் டிரைவும் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன், இவர் பட்டனை அழுத்தினார்.

கம்ப்யூட்டர் ஓடியது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். சுவிட்சைப் போட்டுத் திரும்புவதற்குள் திரை தயாராக நின்றது, சத்தமும் பாதியாகக் குறைந்தது. இவர் அதைப் படம் எடுத்துக் குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டார். கடையிலிருந்து தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். இரும்புக்குப் போடச் சொன்ன கடைக்காரரைப் பற்றி இரண்டு பேரும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நான் டீ ஊற்றிக் கொடுத்தேன். தம்பி போன பிறகு இவர் டி-யைத் தேடினார்.

டி இல்லை. ஒவ்வொரு இடமாகத் திறந்து பார்த்தார், எல்லாம் புது வீட்டு அலுமாரி மாதிரி வெறுமையாக இருந்தது. நான் பக்கத்து அறையில் வெள்ளைப்பூடு உரித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் எலியின் கிளிக், கிளிக் சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்து வந்து, லினக்ஸில் டி-க்கு வேறு பெயர், தேடினால் வரும் என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

அடுத்த நாள் பெட்டியைத் திரீவீலில் ஏற்றிக்கொண்டு, அதே கடைக்குப் போனார். முந்தின நாள் ஏசின அதே கடைக்கு. போனது போனதுதான், கொழும்பில் காட்டினாலும் உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பியதைத் தம்பியின் மனைவி மூலம் அறிந்தேன். இவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. கல்யாணம் முடித்த காலம் தொட்டு, தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் எனக்கு விளக்கிக்கொண்டிருந்த மனிதர் வாயடைத்துப் போயிருந்தார். காலையில் எழுந்து தொழுதார், முற்றத்தில் நடந்தார், உட்கார்ந்தார். மிக்ஸி மூடி ஆடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன், திருப்புளியை எடுக்கவில்லை. இன்னும் ஒரு நாள் போகட்டும், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று வைத்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்தால் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிற நேரம் அது.

"வாப்பாட குரலை நான் அழிச்சிட்டேன். எல்லாம் போய்ட்டு. நீங்க ஏசுங்க" என்றார்.

கண்ணெல்லாம் நனைந்திருந்தது. உடனே எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து பென் டிரைவை எடுத்து வந்து, சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் இதில் இருக்கிறது என்றேன். சந்தோஷப்படுவார், கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

இவர் அதைக் கையில் எடுக்கவில்லை. எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டார். லினக்ஸ் போடுவதற்கு முந்திய வெள்ளி, நீங்கள் ஜும்ஆவில் இருந்தபோது என்றேன்.

"அப்ப நான் தொடுறதுக்கு முந்தியே, என்னால ஏலாதுன்னு முடிவு கட்டிட்டீங்க."

"ஏலல்லதானே?" என்றேன்.

வாப்பா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். சரியான பதில், இன்றைக்கும் அது சரியான பதில்தான். இவர் "ஓ. ஏலல்லதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கையைக் கழுவினார். சரியான பதிலைச் சொன்ன வாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை, இரண்டு பேருடைய சோற்றையும் கோழிக்குப் போட்டேன்.

பதிவுகளை நானே கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றினேன். இதை எழுதுவதும் அதில்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் வாப்பாவின் குரலைப் போட்டால் இவர் வந்து உட்கார்ந்து கேட்கிறார். சுவிட்சை நான்தான் போடவேண்டும்.

போன கிழமை குசினி பல்பு எரியாமல் போனது. புது பல்பு மேசையில் இருந்தது, பக்கத்திலேயே கதிரையும் இருந்தது. ஏறி நின்றால் கைக்கு எட்டுகிற உயரம்தான். இவர் கைபேசியை எடுத்து டவுனில் வயரிங் வேலை செய்கிற பாஸைக் கூப்பிட்டார். பல்பு ஒன்று மாட்டவேண்டும், வசதியான நேரத்தில் வாருங்கள் என்றார். இதற்குப் போய் என்னைக் கூப்பிடுகிறீர்களே என்று அந்தப் பக்கம் சிரித்திருக்கவேண்டும்.

"இல்ல பாஸ், நீங்களே வந்து மாட்டிக் குடுங்க. எனக்கு அதெல்லாம் ஏலாது" என்றார்.