அக்கா ஏன் பின்தங்கினாள்

என் அக்கா யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. மருத்துவமனையில் ஆண்கள் வார்டில் உதவியாளர் வேலை அவளுக்கு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டித் துடைத்து, விரிப்பு மாற்றி, சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்க வேண்டும். வேலை முடிந்து பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தவளைத் திரும்பக் கூப்பிட்டு, "அடுத்த ஆள் இன்னும் வரல, கொஞ்சம் பாத்துக்கறியா?" என்பார்கள். "பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்" என்று பையைக் கழற்றிவிடுவாள். வீடு திரும்பும் பேருந்தில் உட்கார்ந்ததும் தூங்கிப் போவாள், பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் குறை. வராதா பின்னே? அவள் பங்குக்கும் சேர்த்து நான்தானே கோபப்பட வேண்டியிருக்கிறது!

இப்படிப்பட்டவளைப் பந்தயத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அவளுடைய நாத்தனார். அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். அந்த மாமாவின் தங்கை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதே வீட்டில்தான் இருக்கிறாள். எல்லோரும் கூப்பிடுவது சிட்டு என்று. பகலில் காப்பீட்டு அலுவலகம், மிச்ச நேரமெல்லாம் ஜிம். கெட்டவள் இல்லை. தனக்குப் பிடித்தது உலகத்துக்கே பிடிக்கும் என்று நினைக்கிற ரகம், அவ்வளவுதான்.

அந்தப் பந்தயம் எப்படியென்றால், பெரிய கூடத்துக்குள் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடி முடித்ததும் ஒரு பாரவேலை. எடை ஏற்றிய இரும்புச் சறுக்குவண்டியைத் தள்ளுவது, அதையே கயிறு கட்டி இழுப்பது, மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முட்டி மடக்கி மடக்கி நடப்பது என்று விதவிதமாக வைத்திருக்கிறார்கள். ஒரு வேலை முடிந்தால் மறுபடி ஓட்டம், மறுபடி வேலை. இப்படி எட்டு முறை. காசு கட்டி இதைச் செய்கிறார்கள் என்று முதன்முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. ஜோடியாகவும் இறங்கலாம். ஓடும்போது இரண்டு பேரும் சேர்ந்தே ஓட வேண்டும். பாரவேலையை மட்டும் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்.

சிட்டுவின் பழைய ஜோடி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். "அண்ணி, நீங்க வாங்களேன். ஆளைத் தூக்கித் தூக்கி உங்க கை எப்படி இருக்கு பாருங்க!" என்றாள் சிட்டு. அக்கா என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று நான் எழுதத் தேவையில்லை. அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து மைதானம், அங்கிருந்து வார்டு, வார்டிலிருந்து சமையலறை.

போன மாதம் இவர்கள் இறங்கிய இரண்டாவது பந்தயத்துக்கு நான் விடுப்புப் போட்டுப் போனேன். மேல்தளத்தில் நின்று முழுவதையும் போனில் படம் பிடித்தேன். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். சிட்டுவுக்கு முகமே விழுந்துவிட்டது.

மறுநாள் மாலை அவர்களுடைய பயிற்சியாளர் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற, தொப்பியைக் கழற்றாத மனிதர். நான் எடுத்த படத்தைக் கூடத்து டிவியில் போட்டு, எங்கே கோட்டை விட்டோம் என்று அலசுவதாக ஏற்பாடு. சோபாவில் மாமாவும் சிட்டுவும். அக்கா வார்டிலிருந்து அப்போதுதான் வந்து, முகம் துடைத்த துண்டோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் ஓட்டங்களை மட்டும் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். "பாருங்க, ஒவ்வொரு சுத்துக்கும் வேகம் விழுந்துக்கிட்டே போகுது. மூணாவது ஓட்டத்துலேர்ந்து அண்ணி பின்னாடி. சிட்டு நின்னு நின்னு திரும்பிப் பாக்குது. சேர்ந்து ஓடணும்கறப்போ அவங்க வேகம்தானே ஜோடியோட வேகம்?"

எல்லோரும் டிவியைப் பார்த்தோம். அக்கா வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி ஓடிக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்று அக்கா பக்கம் திரும்பினார் மாஸ்டர். "உங்க உழைப்புல குறையே சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த தடவை சிட்டுவுக்கு வேற ஜோடி பாக்கறதுதான் நல்லதுன்னு தோணுது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாஸ்டர்" என்றாள் அக்கா. குனிந்த தலை நிமிரவில்லை. துண்டை மடித்தாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். தோள் லேசாகக் குலுங்கியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் விடியாத நேரத்தில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, இன்றைக்கு ஊர் பார்க்க நீ லாயக்கில்லை என்பதா?

"அந்த ரிமோட்டை இப்படிக் குடுங்க மாஸ்டர்" என்றேன்.

எனக்குப் பெரிய கடை ஒன்றின் கேமரா அறையில் வேலை. நாள் முழுக்கச் சுவர் நிறையத் திரைகள். கண் எரிந்து, தலை வலித்து, வீட்டுக்கு வந்தால் டிவி பக்கமே திரும்பப் பிடிக்காது. அந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கூட்டத்தைப் பார்க்காதே, ஒரு ஆளைப் பிடி, அவர் கை எங்கே இருக்கிறது என்று பார். அதையே இங்கேயும் செய்தேன். ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, பாரவேலைகளை மட்டும் போட்டேன்.

"அக்கா கையைப் பாருங்க. வண்டி மேல. இப்பவும் வண்டி மேல. சிட்டு கை எங்க? இடுப்புல. இப்போ தண்ணி பாட்டில்ல. இப்போ முடியை இழுத்துக் கட்டுது. சரி, அடுத்தது போவோம். மணல் மூட்டை யாரு தோள்ல?"

கயிறு இழுக்கும் இடத்துக்கு வந்தோம். சிட்டு கயிறுக்குக் கை நீட்டுகிறாள். அக்கா தலையை ஆட்டிவிட்டு ஏதோ சொல்கிறாள். சத்தம் கேட்காத தூரம். கேட்க வேண்டுமா என்ன? பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த இடத்திலேயே படத்தை நிறுத்தினேன்.

"முக்கால்வாசி பாரத்தை ஒருத்தி இழுத்தா, அப்புறம் ஓட்டத்துல அவ பின்தங்காம வேற யாரு பின்தங்குவா? சொல்லுங்க மாஸ்டர்!"

மாஸ்டர் அன்று முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார்.

சிட்டு எழுந்து போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ அண்ணி! எனக்குத் தெரியவே இல்லையே! உங்களை விட்டா எனக்கு ஜோடியே கிடையாது. இனிமே எல்லாத்துலயும் சரிபாதி. மாஸ்டர், அடுத்த போட்டிக்கு எங்க ரெண்டு பேர் பேரையும் இப்பவே குடுத்துடுங்க."

"சரிம்மா" என்றாள் அக்கா. டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள்.

மார்தட்டாத குறையாக நானும் பின்னால் போனேன். அக்கா அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை யாருடி கேட்டா?"

எனக்குப் புரியவில்லை.

"எவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா? அந்த மனுஷன் வாயாலேயே வேண்டாம்னு வந்துச்சு. வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்து கெடுத்துட்டியேடி பாவி!"

"அழுதியே அக்கா!"

"யாரு அழுதா? சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தேன்."

நாள் முழுக்க மனிதர்களைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் நான். நல்ல லட்சணம்!

"எனக்கு அலுப்பா இருக்குடி" என்றாள். "பாரம் தூக்கறதுகூடப் பெரிசில்ல. அதுதான் பழக்கமாச்சே. நாளைக்கும் எந்திரிக்கணுமேன்னு படுக்கும்போதே ஒரு நினைப்பு வரும் பாரு, அந்த அலுப்பு. தூங்கும்போதும் போறதில்ல."

"போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிடி சொல்றது? அது ஆசையா கூப்பிடுது."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. நான் அணைத்தேன். பிறகு, கெடுத்தவள்தானே சரிசெய்ய வேண்டும் என்று கூடத்துக்குத் திரும்பினேன்.

"மாஸ்டர், நீங்க சொன்னதுதான் சரி. நான் ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். அக்காவால ஓடவே முடியாது. வேற ஆளைப் பாருங்க."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதானே இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்னே?"

"அதெல்லாம் விடுங்க மாமா. மாடி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குது. வயசாச்சு. அவளை வச்சுக்கிட்டு சிட்டு எந்தக் காலத்துல ஜெயிக்கறது?"

சிட்டு எழுந்து நின்றாள். "எங்க அண்ணியைப் பத்தி இப்படியெல்லாம் பேசாதீங்க, சொல்லிட்டேன்! கூடப் பொறந்துட்டு இப்படியா பேசுவீங்க? நான் தோத்தாலும் அவங்களோடதான் தோப்பேன்!"

போச்சு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான் எவ்வளவுக்கெவ்வளவு குறை சொல்கிறேனோ அவ்வளவுக்கவ்வளவு அவள் அண்ணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"அவளைத் திட்டாதேம்மா."

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் டீ இல்லை.

"அவ எனக்காகத்தான் சொல்றா. எனக்கு வேண்டாம் சிட்டு. நான் வரல."

"அதான் இனிமே சரிபாதின்னு சொல்லிட்டேனே அண்ணி..."

"பாதியும் வேண்டாம்மா. எனக்குப் பிடிக்கல. முதல் நாள்லேர்ந்தே பிடிக்கல."

டிவியில் இன்னமும் அக்கா கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தன் செருப்பைப் பார்த்தார். சிட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்புறம் ஏன் அண்ணி முதல்லயே சொல்லல?"

அக்கா அதை நிஜமாகவே யோசித்தாள்.

"யாரும் கேக்கலையேம்மா. வாங்கன்னுதானே சொன்னே."

அவள் அந்தத் துண்டை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த வயதில், சொந்த வீட்டில், இவ்வளவு சின்னச் சொல்லைச் சொல்ல அவளுக்கு இந்தப் பாடு. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மாமாதான் கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கிழமை காலையில என்ன பண்ணுவே?"

"தூங்குவேன்."

வார்டில் எதுவும் மாறவில்லை. இன்னமும் வாசல் வரை வந்தவளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், இவளும் போகிறாள். அதற்கு எப்போது வாய் வருமோ தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு நான் போனபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. மாமா முட்டையைக் கருக்கிக்கொண்டிருந்தார். புது ஜோடியோடு பயிற்சிக்குப் போய்விட்டு வந்த சிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பூனை மாதிரி உள்ளே வந்தாள். "அண்ணி எந்திரிச்சுட்டாங்களா?" என்று என் காதோடு கேட்டாள். என்மேல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் இருந்தது. முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, அக்கா வந்து நின்றாள்.

"நல்லாத் தூங்கினியா?" என்றேன்.

"எங்கடி? அஞ்சரைக்கே முழிப்பு வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? திரும்பிப் படுத்துட்டேன்."