ஆயாம்மா வீட்டுப் போன்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மாதான் எனக்கு அடுத்த வீடு. குட்டையான உருவம், எந்நேரமும் சாம்பல் நிற ஸ்வெட்டர். என் மகளை மட்டும் அன்றிலிருந்தே ‘கண்ணு’ என்பார். போனை எடுத்ததும் பேசமாட்டார். ரிசீவரை ஸ்வெட்டர் கையில் துடைத்துவிட்டுத்தான் காதில் வைப்பார். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்கள் பள்ளத்தில் கைபேசிக்கு லைன் கிடைக்காது. இரண்டு வீட்டிலும் இன்டர்நெட்டில் ஓடும் போன்தான். கரண்ட் போனால் என்னுடையது செத்துவிடும். அவருடையது அடிக்கும், மோடத்துக்குப் பேட்டரி மாட்டி வைத்திருந்தார்.

மழையில் மண் சரிந்து, கரண்டும் போய், வெளியே போகும் தானா ராத்தா ரோடும் அடைபட்ட அன்று ஈப்போவில் என் மகளுக்குப் பிரசவம். ஆயாம்மா வந்து கதவைத் தட்டினார்.

“பொம்பளப் புள்ள லா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஒன் போனுக்கு அடிச்சுப் பாத்தாளாம், போகலயாம்.”

“அழுதாளா, ஆயாம்மா?”

“அழுதா. நாந்தான் சமாதானம் பண்ணேன்.”

சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வயிறு மட்டும் எரிந்தது.

மறுவாரமே நானும் பேட்டரி வாங்கினேன். இனி எந்த மழையிலும் இங்கேயே அடிக்கலாம் என்று மகளிடமும் சொல்லி வைத்தேன்.

அடுத்த மழையில் கரண்ட் போனது. என் மோடத்தில் பச்சை விளக்கு அணையாமல் நின்றது. நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. எடுத்தார். சற்று நேரம் சத்தமில்லை, துடைக்கிறார்.

பிறகு, “சொல்லு கண்ணு” என்றார்.