அலற வைத்த புத்தகங்களும் நான் சொன்ன ஒரு பொய்யும்

புத்தகக் கடையில் வேலை செய்கிறவர்கள் நிறையப் படித்தவர்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உலாவுகிறது. தயவுசெய்து அதை யாரும் கெடுத்துவிடாதீர்கள், எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் பதினான்கு வருஷமாக நிற்கிறேன். பெட்டி பிரிக்க வேண்டும், அடுக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், சாமிப் படம் இருக்கா என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பக்கத்துக் கடையைக் காட்ட வேண்டும். இதற்கு நடுவில் எங்கே படிப்பது? பின்னட்டையைப் படிப்பேன். தெம்பு இருந்தால் முன்னுரையில் முதல் பக்கம். அதற்கு மேல் யாராவது கேட்டால் ஒரு வசனம் கைவசம் உண்டு: "நான் படிச்சிட்டேன், நல்லா இருக்கும்." துணிக்கடையில் 'சாயம் போகாது', மீன்கடையில் 'காலையிலதான் வந்துச்சு', எங்கள் கடையில் இது. வியாபாரத்தில் நின்று கால் வலித்த எல்லாரிடமும் இப்படி ஒரு வசனம் இருக்கும். வெட்கப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு பெட்டி பேய்க் கதைகள் விற்காமல் கிடந்தன. முதலாளி அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம் என்னை ஒரு பார்வை. தாங்க முடியாமல் ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்: 'நீங்கள் படித்ததிலேயே உங்களை நடுங்க வைத்த புத்தகம் எது?' பதில் சொல்ல வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து ஆளுக்கொரு பேயைத் தலையில் கட்டிவிடலாம் என்று திட்டம். பேய் விற்கப் போன நான், காப்பார் ஊர்க்காரர் ஒருவருடைய கால் இருக்குமா போகுமா என்கிற இடத்தில் போய் நிற்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. எல்லாம் அந்த ஒரு வசனத்தால் வந்த வினை. ஆனால் முதலில் வந்தவர்கள் சிரிக்க வைத்தவர்கள்தான், அவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

வேப்பிலை கட்டிய பார்சல்

செராஸில் வாடகை அறையில் தங்கி நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பெண் ஒருத்தி. இரத்தம், ஊசி, பிணவறை எல்லாம் பார்த்தவள், கதைக்கா பயப்படுவாள்? அட்டையைப் படித்துவிட்டு, "என்னை எந்த புக்கும் பயமுறுத்தாதுக்கா" என்று தோளைக் குலுக்கினாள். இந்த மாதிரி ஆளுக்காகத்தானே காத்திருக்கிறேன்! இருப்பதிலேயே தடியான பேயை எடுத்துக் கொடுத்தேன். வசனத்தையும் சொன்னேன்.

நாலாம் நாள் வந்தாள். கையில் ஒரு பொட்டலம். மூன்று சுற்று நாளிதழ், அதன் மேல் மஞ்சள் கயிறு, கயிற்றில் ஒரு கொத்து வேப்பிலை. கல்லா மேசையில் வைக்காமல் தரையில் வைத்து, காலால் என் பக்கம் தள்ளினாள். பிரித்துப் பார்த்தால் என் பேய்தான், மேலே குங்குமம் வேறு. விற்ற புத்தகத்தைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, பணம் தர முடியாதேம்மா என்று இழுத்தேன். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "காசு யாருக்குக்கா வேணும்? புக்கை மட்டும் வச்சுக்குங்க, நான் ரூமுக்குப் போய்க் குளிக்கணும்!"

மிக நன்று

போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். மகளுக்குத் தமிழ்ப்பள்ளிப் பயிற்சிப் புத்தகம் வாங்க வந்தவர் அட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். "அக்கா, நான் படிச்ச ஒரே புக்கு மவளோட கட்டுரை நோட்டுதான். அதைச் சொல்லலாமா?" என்றார். சொல்லுங்கள் என்றேன். மனிதர் எழுத்துக்கூட மாறாமல் ஒப்பித்தார். தலைப்பு 'என் அப்பா'. 'என் அப்பா லோரி ஓட்டுகிறார். வீட்டில் அவர் தூங்குவார். அவர் தூங்கும்போது நாங்கள் பேச மாட்டோம். அவர் எழும்போது நாங்கள் தூங்கிவிடுவோம். என் அப்பா மிகவும் நல்லவர்.'

 இதற்கு மேல் எந்தப் பேயை எடுத்துக் கொடுப்பது? பயிற்சிப் புத்தகத்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, அடக்க முடியாமல் கத்தினார். "அதுக்குக் கீழ டீச்சர் செவப்பு மையில 'மிக நன்று'ன்னு எழுதியிருக்காங்கக்கா!"

பத்தில் ஒன்றுகூட இல்லை

எங்கள் சந்தில் பூ கட்டி விற்கிற ஆன்டி, மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது திருமணப் பொருத்தம் பார்க்கிற புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். ஜோசியரிடம் போகும் முன் நாமே ஒரு கண் பார்த்துக்கொள்ளலாமே என்று. கணக்குப் போட்டுப் பழக வேண்டுமல்லவா? சோதனைக்குத் தன் நட்சத்திரத்தையும் தன் வீட்டுக்காரர் நட்சத்திரத்தையும் வைத்துப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் பூக்கூடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லையாம். வேறு புத்தகம் இருக்கா, அதில் வேறு மாதிரி இருக்கா என்று கேட்டார். நானும் வேறொன்றை எடுத்து நீட்டி, "இதுல சரியா வரும் ஆன்டி, நான் படிச்சிட்டேன்" என்றேன். அதிலும் வரவில்லை. வாசல் அட்டையில் இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். "முப்பத்தோரு வருஷம் ஒன்னும் தெரியாம தைரியமா குடும்பம் நடத்திட்டேனேம்மா, இனிமே அந்த மனுசனுக்கு எப்படிப் பயப்படாம சோறு போடுவேன்?"

மஞ்சள் அட்டை

காப்பாரிலிருந்து முனியாண்டி அண்ணன் மாதம் ஒரு தடவை வருவார். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கிள்ளான்வரை மோட்டார் சைக்கிள், அங்கிருந்து ரயில். கடைக்குள் நுழைந்ததும் ஒரே கேள்வி: "தங்கச்சி, இந்த மாசம் எது?" நான் எதை நீட்டினாலும் வாங்குவார், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பார். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்து மாத்திரை தின்று அலுத்துப்போனவர் என்று தெரிந்து, ஒரு தடவை மஞ்சள் அட்டை போட்ட வைத்தியப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பின்னட்டையில் 'மருந்தில்லா வாழ்வு' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அவர் அன்றைக்கு அதிசயமாக, "நீ படிச்சியா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு நீளம். "படிச்சிட்டேண்ணே, எங்க அம்மாவுக்கே இதுலதான் குணமாச்சு" என்றேன். எங்கள் அம்மாவுக்கு இனிப்பு நீர் இருந்ததே கிடையாது.

அதற்கப்புறம் நாலைந்து தடவை வந்தார், உடம்பு இப்போது காற்று மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போனார். பிறகு சில மாதமாக ஆளைக் காணோம். வாசலில் கேள்வி அட்டை தொங்கவிட்ட மூன்றாவது வாரம் அவர் மனைவி மல்லிகா அக்கா வந்தார். நான் வழக்கம்போல, "வாங்கக்கா, உங்களை நடுங்க வச்ச புக் எது?" என்று இளித்தேன். அக்கா பிளாஸ்டிக் பையிலிருந்து அந்த மஞ்சள் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அடப் பாவி என்று என்னையே திட்டிக்கொள்ளத் தோன்றுகிறது, அப்போதும் சிரித்தேன். "இது வைத்திய புக்காச்சே?" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தைப் படித்து முடித்த நாளே அண்ணன் மாத்திரையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டாராம். கிளினிக்குக்கும் போகவில்லை. காலையில் இலை அவித்த தண்ணீர், அவ்வளவுதான். பிறகு மோட்டார் ஸ்டாண்டு இடித்துக் கால் விரலில் ஒரு சின்னக் காயம். காலுறைக்குள் மறைத்து வைத்திருக்கிறார். வாடை வந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது கிள்ளானில் ஆஸ்பத்திரி. இரண்டு விரலை உடனே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால், இன்னும் தள்ளினால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அக்கா ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். 'கத்தி வைத்தால் வியாதி உடம்பெங்கும் பரவும், சம்மதிக்காதீர்கள்.' அதன் கீழே சிவப்புப் பேனாவில் அண்ணன் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்தப் புத்தகத்தை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் படித்தேன், நின்ற இடத்திலேயே. பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. இன்சுலின் விஷமாம். புண் தானாக ஆறிவிடுமாம். எழுதியவன் யாரோ, எங்கேயோ இருக்கிறான். நீட்டியவள் நான், இங்கேயே நிற்கிறேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரு சொல்லியாச்சு, மவன் காலப் புடிச்சுக் கெஞ்சியாச்சு, 'கடைத் தங்கச்சி படிச்சுப் பாத்து அவங்க அம்மாவுக்கே குடுத்த புக்கு, அது பொய் சொல்லாது'ங்கிறாரும்மா."

முதலாளி சொன்னது

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிள்ளானுக்குப் போக வேண்டும், அண்ணனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. எழுந்து போய், அலமாரியில் மிச்சமிருந்த மஞ்சள் அட்டைகளை அவரே இழுத்துப் பெட்டிக்குள் போட்டார். போட்டுவிட்டு, நீ போகாதே என்றார். எழுதினவனை விட்டுவிட்டு உன்னைப் பிடிப்பார்கள், மகன் அடிக்க வந்தால் என்ன செய்வாய் என்று என்னென்னவோ சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் அதில் பாதி என் மேல்தான், ஏனென்றால் அதையேதான் நானும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டியதும் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. "படிக்காமதான் இத்தனை நாளு வித்தேன்னு நீயே வாயால சொல்லிட்டா, நாளைக்கு எவன்மா நம்ம பேச்சைக் கேட்டுப் புக்கு வாங்குவான்?"

இரண்டு பக்கம்

மத்தியானம் பார்வையாளர் நேரம். வார்டில் அண்ணன் பாதியாக இளைத்துக் கிடந்தார். கால் முழுக்கக் கட்டு, அதையும் மீறி ஒரு வாடை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "தங்கச்சி! இந்த மாசம் எது கொண்டாந்த?" என்றார். ரயிலில் மனப்பாடம் செய்த பேச்சு மொத்தமும் மறந்துவிட்டது. "அண்ணே, அந்த மஞ்சள் அட்டைய நான் படிக்கவே இல்ல" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "பின்னட்டை மட்டும்தான் படிச்சேன். எங்க அம்மாவுக்கு இனிப்பு நீரே இல்லண்ணே. விக்கணும்னு சொன்னேன். பொய் சொன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். "அப்ப மத்த புக்கெல்லாம்?" என்று மெல்லக் கேட்டார். தேம்பித் தேம்பி அழுதேன். மனிதர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய்விடலாம் என்று நான் பையை எடுத்தபோதுதான், சிகிச்சைச் சம்மதத் தாளை எடுத்துத் தரச் சொல்லி கட்டிலோரம் நின்ற மல்லிகா அக்காவிடம் கை காட்டினார். வாங்கியவர் என் பக்கம் நீட்டினார். "இத முழுசா படி. எனக்குத் தமிழ்ல சொல்லு. ஒரு வரி விடக்கூடாது."

மலாய் மொழியில் இரண்டு பக்கம். நானும் படித்தேன். இரத்தம் போகலாம் என்று இருந்தது, சொன்னேன். புண் மறுபடியும் அழுகலாம், இன்னும் மேலே வெட்ட வேண்டி வரலாம், சொன்னேன். மயக்க மருந்தில் உயிரே போகலாம் என்கிற வரி வந்தது. தாண்டிப் போய்விடலாம் போலிருந்தது. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் சொன்னேன். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றாள், பிறகு அவளும் நின்று கேட்டாள். எனக்குத் தெரியாத இரண்டு வார்த்தைக்கு அவளிடம் அர்த்தம் கேட்டுச் சொன்னேன். கடைசி வரி முடிந்ததும் அண்ணன் மிஸ்ஸியிடம் பேனா கேட்டார். போடுகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். "சைன் போடுறேன். ஆனா உன்னை நம்பிப் போடல தங்கச்சி, நீ படிச்சதைக் கேட்டுப் போடுறேன்."

விரல் இரண்டும் போய்விட்டன, கால் தப்பித்துவிட்டது. பதினான்கு வருஷம் கடை நிறையப் புத்தகம் விற்ற நான், ஒரு வரி விடாமல் படித்துவிட்டு ஒருவர் கையில் கொடுத்தது இன்றுவரை அந்த இரண்டே இரண்டு பக்கம்தான்.