வெர்னாவின் விலா எலும்புகள்

கோர்வித் ஊரில் வெர்னா ஸ்டபிள்ஃபீல்டைப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிப்பது சுலபம். ஊர் எல்லைப் பலகையில் ஓஹாயோ அரசு எழுதிவைத்திருக்கும் மக்கள்தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். அந்த ஒன்று நானில்லை. வெர்னாவேதான்.

மற்ற நாட்களில் மாட்டுத்தீவனக் கடையில் வாடிக்கையாளர்களைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த அம்மையார், பிள்ளைகள் வேடம்போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் அன்று மட்டும் கலைஞர். பதினோரு வருடமாக, தீயணைப்பு நிலையத்தில் சிவப்பு வண்டியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீள பலூன்களை முறுக்கிப் பேய் பிசாசு செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தார். ஆறு மணிக்கு முன் யாரும் வீடுகளில் மிட்டாய் கேட்கப் போகக்கூடாதென்று நகர மன்றம் தீர்மானம் போட்டிருந்ததால், நாலிலிருந்து ஆறுவரை ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் பிடியில். உலகத்தில் அவர் மதித்த ஒரே பொருள் அந்த நாற்காலி.

போன வருடம் அதற்குப் போட்டிக்கு வந்தவர் டுவைட். முன்னாள் கணவர். வெர்னாவிடம்தான் பலூன் முறுக்கக் கற்றுக்கொண்டார்; அந்தத் திருமணத்தால் விளைந்த ஒரே நன்மை அது.

"ரெண்டு பேரும் செய்யுங்க. அஞ்சு மணிக்கு யார் முன்னால வரிசை நீளமோ, நாற்காலி அவங்களுக்கு," என்றார் நிலையத் தலைவர் லைல்.

வெர்னா உடனே ஒப்புக்கொண்டார். காரணத்தை என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பலூனை ஊதும்போது நுனியில் நாலு விரலுக்குக் காற்றில்லாமல் வால் விடவேண்டும். முறுக்கும்போது நெருக்கப்படும் காற்று அங்கே போய் ஒதுங்கும். வால் இல்லாவிட்டால் மூன்றாவது முறுக்கில் வெடிக்கும்.

"ஊதிக் குடுக்குறது எப்பவும் நான்தான். பதினெட்டு வருஷம் ஆக்கிப் போட்டேன், ஆனா வால் சமாச்சாரத்த மட்டும் அவன்கிட்ட மூச்சு விடல. இன்னிக்குப் பாரு வேடிக்கைய."

டுவைட் முதல் பலூனை ஊதினார். நாலு விரல் வால் விட்டார்.

"என்ன வெர்னா, முறைக்கிற? வால் இருக்கான்னு பாக்குறியா? யூடியூப்ல ஒருத்தன் சொல்லிக் குடுத்தான். மூஞ்சிய உன்ன மாதிரி வச்சுக்காமச் சொல்லிக் குடுத்தான்."

"பாவம், அவனுக்கு உன்னப் பத்தித் தெரியாது."

டுவைட் நிமிடத்துக்கு ஒரு வௌவால் செய்தார். வெர்னாவோ எலும்புக்கூட்டைத் தொடங்கியிருந்தார். பக்கத்துக்கு ஆறு விலா எலும்பு, குறைக்கமாட்டார். விண்வெளி வீரர் வேடத்தில் ஒரு சிறுமி வந்தாள்.

"மிஸ் வெர்னா, ஒரு வௌவால்."

"வௌவாலுக்கு அந்தாளுகிட்ட போ. இங்க எலும்பு மட்டும்தான்."

போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். ஐந்து மணிக்கு டுவைட் முன்னால் இருபத்துமூன்று பேர். வெர்னா முன்னால் நான். அதுவும் நடக்கக் கால் வலித்ததால் நின்றது.

"தப்பா எடுத்துக்காத வெர்னா," என்றார் லைல்.

"சரியா எடுத்துக்க இதுல என்ன இருக்கு?"

காற்றடிக்கும் பம்ப்பையும் பாதி எலும்புக்கூட்டையும் தூக்கிக்கொண்டு வெளியே போய், தன் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து எலும்புக்கூட்டுக்குத் தலையை முறுக்கினார். மூக்குக்குக் கீழே இரண்டு கறுப்பு பலூன்களைத் தொங்கவிட்டார். மழையில் நனைந்த அணில் வாலைப் போன்ற அந்த மீசை இந்த மாவட்டத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

வௌவாலோடு வெளியே வந்த பையன் ஒருவன் பார்த்தான். "டேய், டுவைட் செத்துட்டாருடா!"

கோர்வித்தின் சரித்திரத்தில் ஒரு மரணச் செய்தி இவ்வளவு மகிழ்ச்சியோடு பரவியதில்லை. உள்ளே இருந்த வரிசை கலைந்தது. மிச்சமிருந்தவர்கள் டுவைட்டிடம், "உங்க எலும்புக்கூடு வேணும், மீசையோட," என்றார்கள். டுவைட் விலாவை மடித்துப் பார்த்தார். வெடித்தது. இன்னொன்று, அதுவும். கடைசியில் வெளியே வந்தார்.

"வெர்னா, அந்த விலாவ எப்படி மடிக்கிற?"

"போய் யூடியூப்காரன்கிட்ட கேளு."

பின்னாலேயே லைல் வந்து, பிக்கப்பைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "சரி, உள்ள வா. நாற்காலி உனக்குத்தான்."

"நான் எதுக்கு உள்ள வரணும்? நாற்காலிய இங்க கொண்டாரச் சொல்லு. அவன் கையால."

டுவைட் கொண்டுவந்தார். வெர்னா உட்கார்ந்து, முதலில் நின்ற பிள்ளையைப் பார்த்து, "மூக்க உறிஞ்சாம நில்லு," என்றார்.